லைப்ரரியில் எலிகள்

நான் படித்த காலேஜில் லைப்ரரி என்று ஒரு சமாசாரம் இருப்பது முதல் வருஷம் எனக்கு ஃபீஸ் ரசீது மூலமாகத்தான் தெரியும். 'லைப்ரரி ஃபீஸ்' என்று அதில் ஒரு வரி. அப்பா ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அங்கெல்லாம் போறியாடா?" என்பார். "தினமும்" என்பேன்.

முழுப் பொய் இல்லை. ஒரு தடவை போனேன். 2006, ஆகஸ்ட் மாதம். கவுன்ட்டரில் கம்பி வலை. வலைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியோடு ஒருவர். அவருக்குப் பின்னால் பீரோ பீரோவாகப் புத்தகங்கள், ஜாமீன் கிடைக்காத கைதிகள் மாதிரி. உள்ளே போய் எடுக்க முடியாது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவர் எடுத்து வருவார்.

"சார், அக்கவுன்டன்ஸி புக்."

"நம்பர்?"

எனக்குத் தெரிந்த ஒரே நம்பர் ரோல் நம்பர். சொன்னேன். பின்னால் க்யூவில் நின்ற ஃபைனல் இயர் பெண்கள் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா, வேறு ஏதாவது ஜோக்கா என்பது இன்றுவரை ஊர்ஜிதமாகவில்லை. ஊர்ஜிதம் செய்துகொள்ள நான் அங்கே நிற்கவில்லை.

அந்த செமஸ்டர் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங்கில் 31 மார்க். பாஸுக்கு 40.

இப்படிப் பயந்து ஓடியது உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். கான்ஸ்டன்ஸ் மெலன் என்று ஓர் அம்மாள். அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் 2 வருஷம், 6,000 மாணவர்களை, முதன்முதலாக லைப்ரரியில் போய்த் தேடிய அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிப் படித்துப் பார்த்தார். அதில் 75-லிருந்து 85 சதவிகிதம் பேர் எழுதியிருந்த சங்கதி ஒன்றே: பயம். தொலைந்து போன மாதிரி இருந்தது, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்று. 1986-ல் இதற்கு ஒரு பெயரும் வைத்துக் கட்டுரை எழுதினார். 'லைப்ரரி ஆங்ஸைட்டி'. லைப்ரரி பயம்.

பயத்தை விட, அதற்கு அவர் சொன்ன காரணம்தான் என் முதுகில் தட்டியது. ஒவ்வொரு பையனும் என்ன நினைக்கிறான்? மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. தெரியாமலிருப்பது வெட்கக்கேடு, வெளியே தெரியக்கூடாது. வாயைத் திறந்து கேட்டால் தெரிந்துவிடும். ஆகவே கேட்க மாட்டான். 6,000 பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன் முழித்துக்கொண்டிருக்கிறான்.

இது லைப்ரரி சமாசாரம் மட்டும்தானா? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். டி.ஏ. பில் எப்படி நிரப்புவது, காஷுவல் லீவு யாரிடம் எழுதிக் கொடுப்பது, எந்த டாய்லெட் மேனேஜருக்கானது, இதையெல்லாம் மேனேஜரிடமா கேட்டீர்கள்? பக்கத்து ஸீட்காரரிடம் கேட்டீர்கள். அவருடைய தகுதி என்ன? ஆறு மாசத்துக்கு முன்னால் அதே பில்லைத் தப்பாக நிரப்பித் திட்டு வாங்கியவர். அந்தத் தகுதி மேனேஜருக்குக் கிடையாது. அவர் திட்டு வாங்கி இருபது வருஷமாகிவிட்டது. மறந்துவிட்டார்.

இந்தப் பக்கத்து ஸீட்காரரையே லைப்ரரியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தால் என்ன என்று சில பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றியது. கலிஃபோர்னியாவில் ஸான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் கால் பாலி என்ற பல்கலைக்கழகம். அங்கே கென்னடி லைப்ரரியில் (ஜனாதிபதி கென்னடி இல்லை, பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ராபர்ட் கென்னடி) மாணவர்களையே பொறுக்கியெடுத்து, பயிற்சி கொடுத்து, சந்தேகம் கேட்கிற மேஜையில் உட்கார வைத்தார்கள். உத்தியோகப் பெயர் 'லைப்ரரி ரிஸர்ச் அஸிஸ்டன்ஸ் டெக்னீஷியன்'. நீளமாக இருக்கிறதே என்று சுருக்கினார்கள். லிப்-ராட். அதாவது நூலக எலி! புத்தகத்தைத் தின்கிற எலியைத் துரத்துவதற்குப் பூனை வளர்த்த நாடுகள் உண்டு. எலிக்குச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்த லைப்ரரி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அங்கே லைப்ரரியனாக இருந்த ப்ரெட் போடெமர் என்பவர் 2014-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பே ஒரு சின்னச் சண்டை மாதிரி இருக்கும். 'அவர்களால் முடியும், அவர்கள்தான் செய்யணும்' என்கிற தோரணை. எலிகள் மேஜையில் பதில் சொன்னதோடு நிற்கவில்லை. முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்தார்கள்.

மிச்சிகன் மாநிலத்தில் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று இன்னொன்று. 2013-ல் புதிதாக ஒரு லைப்ரரி கட்டினார்கள். அதில் ஒரு பகுதிக்கு 'நாலெட்ஜ் மார்க்கெட்' என்று பெயர். அறிவுச் சந்தை. தகவல் தேடக் கற்றுத் தர ஒரு மாணவர், எழுதியதைத் திருத்திக்கொள்ள உதவ இன்னொரு மாணவர், மேடையில் பேசுவதற்கு ஒத்திகை பார்க்க மூன்றாவதாக ஒருவர். எல்லாம் ஒரே இடத்தில். நம் உழவர் சந்தையில் தக்காளிக்காரரிடமிருந்து வெங்காயக்காரரிடம் போகிற மாதிரி நகர்ந்து நகர்ந்து போகலாம்.

இந்த மேஜையில் உட்காருகிற பையனுக்குச் சொல்லித் தருகிற முதல் பாடம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கீ-போர்டைத் தொடாதே. கேட்க வந்தவன் கையில்தான் அது இருக்க வேண்டும். நீ தட்டிக் கொடுத்தால் அவனுக்கு இன்றைக்கு விடை கிடைக்கும், நாளைக்கு மறுபடி வந்து நிற்பான். (என் வீட்டில் டி.வி. ரிமோட் விஷயத்தில் இந்தத் தத்துவம் அமலில் இல்லை.)

இரண்டாவது பாடம், கேள்வியைக் கேட்டவுடன் பதில் சொல்லாதே. நம்மூர் பி.காம். பையன் வந்து, "ஜி.எஸ்.டி. பத்தி ப்ராஜெக்ட், ஏதாவது மெட்டீரியல் இருக்கா?" என்கிறான் என்று வையுங்கள். ஜி.எஸ்.டி. பற்றி மெட்டீரியல் என்று தேடினால் ஆயுசுக்கும் படிக்கலாம். எலி என்ன செய்யும்? கேட்கும். எந்தத் தொழிலுக்கு? எந்த ஊர்? எந்த வருஷம்? உங்கள் வாத்தியார் எத்தனை பக்கம் கேட்டார்? கால் மணி நேரத்தில் அந்தப் பையன் வாயிலிருந்தே, 'ஜி.எஸ்.டி. வந்த முதல் வருஷம் 2017-18-ல் சின்ன பனியன் யூனிட்டுகளின் நடைமுறை மூலதனத்துக்கு என்ன ஆனது' என்று ஒரு கேள்வி வந்துவிடும். வந்த பிறகு தேடுவது சுலபம். என்ன வார்த்தை போட்டுத் தேடுவது, அது கிடைக்காவிட்டால் அதற்கு இணையான வார்த்தை என்ன, கிடைத்ததில் எது ஆராய்ச்சி, எது விளம்பரம், எல்லாம் அதற்கப்புறம்.

மூன்றாவது பாடம்தான் கஷ்டம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். சொல்லிவிட்டு, "வா, லைப்ரரியனிடம் போய்க் கேட்கலாம்" என்று கூடவே எழுந்து போ. அந்தக் கூடவே எழுந்து போவதில்தான் எல்லாம் இருக்கிறது. 'நான் மட்டும்தான் முட்டாள்' என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்குத் துணைக்கு இன்னொருத்தன் கிடைத்துவிட்டானே.

'அரைகுறைகள் அரைகுறைகளுக்குச் சொல்லித் தருவதா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லித் தந்த ஞானத்தில் முக்கால்வாசி 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்'. அதில் ஒன்றுகூடப் பரீட்சையில் வராது. ஆகவே பயிற்சி இல்லாமல் உட்கார வைத்தால் விபரீதம்தான். எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. காமர்ஸ் படித்தவனாயிற்றே, செலவுப் பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. இதைக் காட்டி, "அப்ப லைப்ரரியன் போஸ்ட் எதுக்கு, பசங்களை வெச்சே ஓட்டிடலாமே" என்று எந்த நிர்வாகமாவது கணக்குப் போட்டால் கதை கந்தல். பக்கத்து ஸீட்காரர் நல்லவர் என்பதற்காக மேனேஜரே வேண்டாம் என்று ஆகாது. பையனுக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒழுங்காகச் சம்பளமும் தர வேண்டும். 'அனுபவம் கிடைக்குமே' என்று சொல்லி வேலை வாங்குகிற ஆசாமிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கட்டுரைகளைப் போட்ட சில பத்திரிகைகள் உட்பட. (ஆசிரியர் கவனிக்க: இந்தப் பத்திரிகை இல்லை.)

சொல்லித் தருவதோடு விடவில்லை இன்னும் சிலர். லைப்ரரி எப்படி இருக்க வேண்டும் என்பதையே மாணவர்களிடம் கேட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம். 2004 வாக்கில் அங்கே ஒரு மானிடவியல் நிபுணரை வேலைக்கு வைத்தார்கள். நான்ஸி ஃபிரைட் ஃபாஸ்டர் என்று பெயர். மானிடவியல்காரர்கள் வழக்கமாகக் காட்டுக்குள் போய் ஆதிவாசிகளைத்தான் ஆராய்வார்கள். இவரை ஹாஸ்டல்வாசிகளை ஆராயச் சொன்னார்கள். பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, நீ படிக்கிற இடத்தைப் படம் எடு, எப்போதும் கூடவே தூக்கிக்கொண்டு போகிற சாமான்களைப் படம் எடு என்றார்கள். ஒரு நாள் பூரா எங்கெங்கே போனாய் என்று வரைபடத்தில் கோடு போடச் சொன்னார்கள். பேப்பரும் பேனாவும் கொடுத்து, உனக்குப் பிடித்த மாதிரி ஒரு லைப்ரரி வரைந்து காட்டு என்றார்கள். இதையெல்லாம் வைத்து 2007-ல் ஒரு புத்தகம் வந்தது. பிள்ளைகளின் யோசனைகளைக் கேட்டு, லைப்ரரியிலேயே ஒரு பகுதியைப் புதிதாகவும் அமைத்தார்கள்.

ஆராய்ச்சியில் லைப்ரரியன்கள் அசந்துபோன விஷயம் ஒன்று உண்டு. கட்டுரை எழுதும்போது சந்தேகம் வந்தால் பிள்ளைகள் யாரைக் கேட்டார்கள் தெரியுமோ? வீட்டுக்கு போன் போட்டு அப்பா அம்மாவை! நம்மூரில்தான் அப்பாவுக்குத் தெரியாமல் பரீட்சையே எழுதுகிறோம்; அங்கே கட்டுரைத் தலைப்பையே அம்மாவிடம் கேட்கிறார்கள். லைப்ரரிக்காரர்கள் இதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. காலேஜ் திறக்கும்போது பிள்ளையைக் கொண்டுவந்து விட வந்த பெற்றோர்களை அழைத்து டிபன் கொடுத்தார்கள். ஒரே ஒரு சங்கதியை மட்டும் காதில் போட்டு அனுப்பினார்கள்: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு லைப்ரரியன் உண்டு, பிள்ளை போன் செய்தால் அதைச் சொல்லுங்கள். எனக்கு இது மார்க்கெட்டிங் வகுப்பில் சொல்லித் தராத மார்க்கெட்டிங்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் பணத்தில் செய்கிற காரியம் என்று நினைத்தால், சென்னை பீச் ரோடு பக்கம் ஒரு நிமிஷம் வாருங்கள். 1924-ல் மெட்ராஸ் யூனிவர்ஸிடிக்கு முதல் லைப்ரரியனாக ஒருவரைப் போட்டார்கள். சீர்காழிக்காரர். பிரஸிடென்ஸி காலேஜில் கணக்கு வாத்தியார். எஸ்.ஆர். ரங்கநாதன். லைப்ரரியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் இன்டர்வ்யூவுக்கு முன்னால் என்சைக்ளோபீடியாவில் படித்த ஒரு கட்டுரை மட்டும் என்பார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, பழைய வாத்தியார் வேலையையே திரும்பக் கொடுங்கள் என்று போய் நின்றார். காரணம், வாசகர்கள் இல்லாத அந்தத் தனிமை. வகுப்பில் பிள்ளைகள் நடுவில் இருந்தவருக்கு அலமாரிகள் நடுவில் மூச்சு முட்டியது. லண்டனுக்குப் போய் லைப்ரரி படிப்பு படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லையென்றால் பார்க்கலாம் என்று சமாதானம் பண்ணி அனுப்பினார்கள்.

போனார். லண்டனில் ஒரு பெரிய கடையில், சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற மெக்கானோ செட்டைப் பார்த்துவிட்டு, புத்தகங்களையும் இப்படித் துண்டு துண்டாக இணைத்து வகைப்படுத்தலாமே என்று ஒரு புது முறையே கண்டுபிடித்தார். 1933-ல் கோலன் முறை என்று அது புத்தகமாக வந்தது. அதை விடுங்கள். திரும்பி வந்து அவர் செய்த காரியங்களில் ஒன்று, அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டது. உள்ளே போ, எடு, புரட்டு. 1931-ல் ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. நாலாவது விதி, வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து. உலகம் பூரா லைப்ரரி படிக்கிறவர்கள் இன்றும் இதை மனப்பாடம் பண்ணுகிறார்கள். அவர் பிறந்தநாளை ஒட்டி ஆகஸ்ட் 12-ஐ நூலகர் தினம் என்று நாம் கொண்டாடுகிறோம்.

1931-ல் விதி. 2006-ல் எனக்குக் கம்பி வலை. நடுவில் 75 வருஷம். கணக்கு வாத்தியார் இருந்தால் அவரே கழித்துப் பார்த்திருப்பார்.

சரி, 31 மார்க் வாங்கியவன் எப்படித் தேறினான் என்று கேட்க மாட்டீர்களா? எனக்கும் ஓர் எலி கிடைத்தது. எம்.காம். படித்த ஓர் அண்ணா. 'படிக்கும்போதே சம்பாதி' திட்டத்தில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் லைப்ரரியில் புத்தகம் அடுக்குவார். அரியர் ஃபீஸ் கட்டிவிட்டு வாசலில் திருதிருவென்று நின்றவனைப் பார்த்து, "அக்கவுன்ட்ஸா?" என்றார். என் மூஞ்சியிலேயே எழுதியிருந்தது போல. உள்ளே கூட்டிப் போய் கார்டு டிராயரை இழுத்துக் காட்டினார். "657. இதுதான் உன் நம்பர். அக்கவுன்ட்ஸ் எல்லாம் இங்க 657-லதான் இருக்கும். ரெட்டி அண்ட் மூர்த்தியும் அங்கதான், வெள்ளைக்காரன் எழுதினதும் அங்கதான்." மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். அடுத்த தடவை கம்பி வலைக்குப் பின்னாலிருந்து "நம்பர்?" என்று குரல் வந்தபோது, ஏதோ பாங்க் லாக்கர் நம்பர் மாதிரி கம்பீரமாகச் சொன்னேன். அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் புத்தகம் வந்தது.

இதோடு முடித்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷம் நான் செகண்ட் இயர். டிராயர் பக்கத்தில் நிற்கிறேன். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்த முதல் வருஷப் பையன் ஒருத்தன், சட்டையை மேல் பட்டன்வரை போட்டுக்கொண்டு, "அண்ணா, இதுல எப்படிங்ணா பாக்கறது?" என்றான். என்னோடு அப்போது இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். "காலேஜ் வந்துட்டே, இதுகூடத் தெரியாதா? கவுன்ட்டர்ல போய்க் கேளுப்பா" என்றேன். நண்பர்கள் சிரித்தார்கள். மூன்று நிமிஷ வேலை. சத்தியமாக மூன்று நிமிஷம்தான். அவன் கவுன்ட்டர் பக்கம் போகவில்லை, வாசல் பக்கம் போனான். மூன்றாவது செமஸ்டரில் அவன் பெயர் அட்டென்டன்ஸில் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் வேலையாகப் போயிருந்தேன். (எழுத்து எனக்கு ஊறுகாய், சோறு ரிட்டர்ன் போடுவதில்.) செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைஸர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏனுங்ணா, அடையாளம் தெரியலீங்களா?" என்றார். அவன்தான். அவர்தான். நன்றாகத்தான் இருக்கிறார். சொந்தமாக வீடு, பைக். படிப்பை ஏன் விட்டார் என்று மெல்ல விசாரித்தேன். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போயிருச்சுங்ணா. அதுவுமில்லாம நமக்கும் அங்க ஒண்ணும் பிடிபடலீங்க" என்றார். அந்தக் காரணத்தில் முதல் பாதி என் சம்பந்தப்பட்டதில்லை. இரண்டாவது பாதியில் எனக்கு எத்தனை சதவிகிதம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாலன்ஸ் ஆகவில்லை. டிராயர் சம்பவம் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கிற தைரியமும் வரவில்லை.

அவரே வேறொன்று கேட்டார். அவர் அக்கா பையன் பி.காம். சேர்ந்திருக்கிறான், ஒரு நாள் வந்து அவனுக்குக் கொஞ்சம் சொல்லித் தர முடியுமா என்று.

அடுத்த சனிக்கிழமையே அந்தப் பையன் காலேஜுக்குப் போனேன். வாசலில் செக்யூரிட்டி, "ஐ.டி. கார்டு?" என்றார். வெளி ஆட்களுக்கு லைப்ரரியில் அனுமதி இல்லையாம். ஆகவே என் முழு ஞானத்தையும் வேப்பமரத்தடியில் வைத்தே இறக்கினேன். 657, காஸ்ட்டிங் என்றால் 657-க்குப் பக்கத்திலேயே, கம்பெனி சட்டம் 346-ல். பையன் கையில் எழுதிக்கொண்டு உள்ளே போனான். மரத்தடியில் உட்கார்ந்தேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. வெறும் கையோடு வந்தான்.

எனக்குத் திக்கென்றது. "கிடைக்கலையா?"

"கெடச்சுதுங்ணா. எங்க க்ளாஸ் பையன் ஒருத்தனும் அதையேதான் தேடிட்டிருந்தான். அவனுக்கு நம்பர் பாக்கத் தெரியலீங்க. எடுத்துக் காட்டுனேன். ஒரே காப்பிதான் இருந்துது, அவன் பேர்ல போட்டுட்டான்."

"அப்ப உனக்கு?"

"ஹாஸ்டல்லதான இருக்கான். திங்கக்கிழமை வாங்கிக்கறேன்" என்றவன், "டீ சாப்பிடலாங்களா?" என்றான்.

நான்தான் காசு கொடுத்தேன்.